அகப்பையைப் பார்த்துவிட்டுச் சட்டி நிறைந்திருக்கிறது என்று எழுதாதீர்கள்

முதல் வருகைப் படிவத்தைத் திருத்திய மருத்துவக் குழுவினருக்கு,

போன வாரம் உங்கள் மருத்துவமனையின் கர்ப்பகாலப் பிரிவில் என் கையில் ஒரு படிவத்தைக் கொடுத்தார்கள். நான் எட்டு வாரக் கர்ப்பிணி. எனக்கு இது இரண்டாவது பேறு. படிவத்தின் இரண்டாம் பக்கத்தில் ரத்தப் பரிசோதனைகளின் பட்டியல் இருக்கிறது. அதில், உடலின் இரும்பு இருப்பைக் காட்டும் ஃபெரிட்டின் என்ற வரிக்கு எதிரே முன்பெல்லாம் ‘அனைவருக்கும்’ என்று அச்சிட்டிருக்கும். இப்போது அந்த இடத்தில், ‘உடல் நிறை குறியீட்டெண் 18.5-க்குக் கீழ், அல்லது ஹீமோகுளோபின் 11-க்குக் கீழ் இருந்தால் மட்டும்’ என்று இருக்கிறது. (எடையையும் உயரத்தையும் வைத்துக் கணக்கிடும் பி.எம்.ஐ.தான் அந்தக் குறியீட்டெண்.) இது ஏன் மாறியது என்று செவிலியரிடம் கேட்டேன். அவர் படிவத்தைத் திருப்பிப் பார்த்தார், என்னையும் ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தார். “உங்கள் எடைக்கு அது தேவைப்படாது அம்மா” என்றார்.

அவர்மேல் எனக்கு வருத்தமில்லை. தாளில் இருந்ததைத்தான் அவர் சொன்னார். தாளில் எழுதியவர்கள் நீங்கள். அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

அந்த ‘அனைவருக்கும்’ என்ற சொல் அங்கே எப்படி வந்தது என்று உங்களில் சிலருக்காவது நினைவிருக்கும். முதல் பிரசவத்துக்குப் பிறகு நானும் என்னைப் போன்ற சில தாய்மாரும் எழுதிக் கொடுத்த மனுவும் அதற்கு ஒரு காரணம். ஒரு சொல்லைச் சேர்க்க எங்களுக்கு ஒன்றரை ஆண்டு பிடித்தது. எடுப்பதற்கு உங்களுக்கு ஒரு கூட்டம் போதுமானதாக இருந்திருக்கிறது. எடுத்ததற்கான காரணம் படிவத்திலும் இல்லை, அறிவிப்புப் பலகையிலும் இல்லை. ஆகவே, அந்தச் சொல் ஏன் வந்தது என்பதை மறுபடி முதலிலிருந்து சொல்ல வேண்டியிருக்கிறது.

நான்கு ஆண்டுகளுக்கு முன், என் முதல் கர்ப்பத்தின் ஒன்பதாவது வாரம். கருத்தரிக்கும் முன் என் எடை 88 கிலோ, உயரம் 160 சென்டிமீட்டர். மசக்கை என்னை முறித்துப் போட்டிருந்தது. மூன்று வாரமாக, குடித்த தண்ணீர்கூட வயிற்றில் தங்கவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு எடைக் கருவியில் ஏறினேன். முள் 83-இல் நின்றது. “ஐந்து கிலோ குறைந்துவிட்டது டாக்டர்” என்றேன். எதிரே இருந்த இளம் மருத்துவர் சிரித்தபடி, “உங்களுக்கு நல்லதுதானே” என்றார். வரிசையில் எனக்குப் பின்னால் நின்ற இரண்டு பெண்களும் சிரித்தார்கள். வெட்கக்கேடு, நானும் சிரித்தேன்.

88-இல் 5 போனால் 5.7 சதவீதம். கருத்தரிப்பதற்கு முன்பிருந்த எடையில் ஐந்து சதவீதத்துக்கு மேல் வாந்தியால் இழந்தால் அதைச் சாதாரண மசக்கையாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதை உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. 50 கிலோ எடையுள்ள ஒரு பெண் அதே விகிதத்தில் மூன்று கிலோ குறைந்து வந்து நின்றிருந்தால், அன்றே கட்டிலில் படுக்க வைத்து நரம்பு வழியாக நீர் ஏற்றியிருப்பீர்கள். நான் இழந்த ஐந்து கிலோவில் பெரும்பகுதி கொழுப்பு என்று யாரோ கண்ணாலேயே முடிவு செய்துவிட்டார்கள். மூன்று வாரம் தண்ணீர் இறங்காத உடலிலிருந்து முதலில் போவது நீர்.

அந்த நீர்தான் அடுத்த பிழைக்கு வழி வகுத்தது. அன்று எடுத்த ரத்தத்தில் ஹீமோகுளோபின் 11.3 என்று வந்தது. கர்ப்பத்தின் முதல் மூன்று மாதங்களுக்கு உலக சுகாதார நிறுவனம் வகுத்த எல்லை 11. அதற்கு மேல் இருந்ததால் நீலப் பேனாவால் ஒரு சரிக்குறி விழுந்தது. ஒரு விநாடி வேலை. ஆனால் உடல் வறண்டிருக்கும்போது ரத்தம் கெட்டிப்படும்; கெட்டிப்பட்ட ரத்தத்தில் ஹீமோகுளோபின் உள்ளதைவிடக் கூடுதலாகவே தெரியும். வாந்தி நின்று, உடலில் நீர் சேர்ந்த பிறகு அதே பரிசோதனையை மறுபடி செய்திருந்தால் என்ன வந்திருக்கும் என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது. யாரும் மறுபடி செய்யவில்லை. அடுத்த ரத்தப் பரிசோதனை இருபத்தேழாவது வாரத்தில்தான்.

இடையில் என் உடல் தன்னால் முடிந்தவரை சொல்லிக்கொண்டுதான் இருந்தது. பதினாறாவது வாரத்திலிருந்து எனக்குப் பனிக்கட்டி மேல் ஒரு வெறி வந்தது. இரவு இரண்டு மணிக்கு எழுந்துபோய், ஃப்ரிட்ஜின் மேல்தட்டைத் திறந்து, பனிக்கட்டிகளை ஒரு கிண்ணத்தில் கொட்டிக்கொண்டு, இருட்டிலேயே தரையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கடித்து நொறுக்குவேன். சத்தத்தில் கணவர் விழித்துக்கொள்வார். தட்டு காலியானதும் மறுபடி நீர் ஊற்றி வைத்துவிட்டு, அது உறையும்வரை பொறுக்க முடியாமல் கதவைத் திறந்து திறந்து பார்ப்பேன். படுத்தால் கால்கள் ஓரிடத்தில் நிற்காது. உள்ளே ஏதோ ஊர்வது போலிருக்கும். ‘கர்ப்பிணிக்கு ஆயிரம் ஆசை’ என்றார்கள் வீட்டில். பனிக்கட்டியைக் கடித்துத் தின்னும் அடங்காத ஆசை இரும்புச்சத்துக் குறைபாட்டின் நன்கறிந்த அடையாளம் என்பதும், கால்களின் அந்த நிலைகொள்ளாமைக்கும் இரும்புக்கும் தொடர்புண்டு என்பதும் எனக்குத் தெரியவந்தது பிரசவம் முடிந்த பிறகு. உங்கள் பிரிவுக்கு நான் ஐந்து முறை வந்திருந்தேன். ஐந்து முறையும் எடை பார்த்தார்கள். இரவில் என்ன செய்கிறாய் என்று ஒருமுறைகூடக் கேட்கவில்லை.

இருபத்தேழாவது வாரத்தில் ஹீமோகுளோபின் 8.1. அப்போதுதான் முதல்முறையாக ஃபெரிட்டின் பார்த்தார்கள்: வெறும் 5. அதற்குப் பிறகு எல்லாம் ஓட்டமும் நடையும்தான். மாத்திரைக்கு நேரமில்லை என்று நரம்பு வழியாக இரும்பு ஏற்றினார்கள். பிரசவத்தில் ஏறத்தாழ 900 மில்லி ரத்தம் போனது. இரண்டு பை ரத்தம் ஏற்றினார்கள். குழந்தை நலமாகப் பிறந்தான், அதற்கு உங்கள் பிரசவ அறை ஊழியர்களுக்கு நான் என்றும் கடமைப்பட்டவள். ஆனால் அவனைத் தூக்கிக்கொண்டு கட்டிலிலிருந்து நாற்காலிவரை போக எனக்குப் பதினோரு நாள் ஆயிற்று.

இனி என் தங்கையின் கதை. அவள் எனக்கு நேர்மாறு. 158 சென்டிமீட்டர் உயரம், 42 கிலோ எடை. குறியீட்டெண் 17-க்கும் கீழே. அவளும் உங்கள் பிரிவில்தான் பதிவு செய்துகொண்டாள். பத்தாவது வாரத்தில் ஹீமோகுளோபின் 10.4. அவளுடைய மெலிந்த மணிக்கட்டைப் பார்த்ததுமே தீர்ப்பு எழுதியாகிவிட்டது: சாப்பிடுவதில்லை, இரும்பு போதவில்லை. மாத்திரை கொடுத்தார்கள். அடுத்த மாதமும் 10.4. மாத்திரையை இரட்டிப்பாக்கினார்கள். மலச்சிக்கலில் அவள் அழாத நாள் இல்லை. அதற்கடுத்த மாதமும் எண் அசையவில்லை. “மாத்திரையைச் சாப்பிடுகிறாயா, தூக்கிப் போடுகிறாயா?” என்று கேட்டிருக்கிறார்கள். மூன்று வேளையும் சாப்பிட்டு, மாத்திரையும் விழுங்கி, பொய்க்காரி என்ற பெயரையும் வாங்கிக்கொண்டு வீடு திரும்பினாள்.

அவளுக்கு இரும்பு குறையவே இல்லை. அந்த முதல் ரத்த அறிக்கையிலேயே, ஹீமோகுளோபினுக்கு இரண்டு வரி கீழே, சிவப்பணுவின் சராசரிக் கொள்ளளவு 66 என்று அச்சாகியிருந்தது. 80-க்குக் கீழ் இருந்தால் அணுக்கள் இயல்பைவிடச் சிறியவை. அதே தாளில் சிவப்பணுக்களின் எண்ணிக்கை 52 லட்சம் என்றும் இருந்தது. அணுக்கள் மிகச் சிறியவை, ஆனால் எண்ணிக்கைக்குக் குறைவில்லை. இரும்பில்லாமல் வாடும் ரத்தம் பொதுவாக இப்படி இருக்காது. இருபத்திரண்டாவது வாரத்தில், வேறொருவருக்குப் பதிலாக அன்று பணிக்கு வந்த ஒரு மருத்துவர்தான் இதைக் கவனித்தார். ஃபெரிட்டின் 62. ஹீமோகுளோபின் ஏ2 என்ற வகையின் அளவு 5.1 சதவீதம், 3.5-ஐத் தாண்டினாலே கவனிக்க வேண்டும். அவள் பீட்டா தலசீமியா மரபணுவைச் சுமப்பவள். பிறவியிலேயே அப்படித்தான், நோயல்ல, அவள் ரத்தத்தின் இயல்பு அது.

கணவரும் அதே மரபணுவைச் சுமப்பவராக இருந்தால் ஒவ்வொரு கருவிலும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பில் குழந்தைக்குத் தீவிர தலசீமியா, அதாவது அடிக்கடி ரத்தம் ஏற்றிக்கொண்டே வாழ வேண்டிய நோய், வரலாம். அதை அறியும் நஞ்சுக்கொடித் திசுப் பரிசோதனையைப் பதினொன்றாவது வாரம் முதல் பதினான்காவது வாரம் வரை செய்யலாம். அந்தக் காலம் முழுவதும் அவளுக்கு இரும்பு மாத்திரை கொடுப்பதில் கழிந்தது. இருபத்திரண்டாவது வாரத்தில் கணவரின் ரத்தத்தை அனுப்பிவிட்டு ஒன்பது நாள் காத்திருந்தார்கள். அந்த ஒன்பது நாளும் அவள் வயிற்றில் குழந்தை உதைத்துக்கொண்டிருந்தது. நல்ல வேளையாக அவர் அந்த மரபணுவைச் சுமப்பவர் இல்லை. நல்ல வேளையை நம்பி ஒரு மருத்துவப் பிரிவை நடத்த முடியாது.

எங்கள் இருவரின் பேறுகாலக் கோப்புகளையும் ஒருமுறை மேசைமேல் வைத்துப் பாருங்கள். பருத்தவளுக்கு இரும்பு இல்லை, இருப்பதாக நினைத்தீர்கள். மெலிந்தவளுக்கு இரும்பு இருந்தது, இல்லையென்று நினைத்தீர்கள். இருவரின் ரத்தத்தையும் எடுத்தீர்கள். ஆனால் படித்தது எடையை. புதிய படிவம் இந்தப் பழக்கத்தைத் திருத்தவில்லை. அச்சடித்து விதியாக்கியிருக்கிறது.

சட்டியில் இருந்தால்தான் அகப்பையில் வரும் என்பார்கள். ஹீமோகுளோபின் அகப்பை, ஃபெரிட்டின் சட்டி. உடலின் இரும்புச் சேமிப்பு கரைந்து அடிதட்டும் வரை ஹீமோகுளோபின் பெரிதாக விழாது; எலும்பு மஜ்ஜை கடைசிப் பருக்கைவரை வழித்தெடுத்து அகப்பையை நிறைத்துக் காட்டும். அதனால் ரத்தசோகை வராமலே இரும்புப் பற்றாக்குறை இருக்க முடியும். அகப்பை காலியாகத் தெரியும் நாளில் சட்டி காலியாகி வெகு நாளாகியிருக்கும். ஹீமோகுளோபின் 11-க்குக் கீழ் போனால்தான் ஃபெரிட்டின் என்கிறது உங்கள் விதி. எதை முன்கூட்டியே கண்டுபிடிப்பதற்காக அந்தப் பரிசோதனை இருக்கிறதோ, அது நடந்து முடிந்த பிறகுதான் பரிசோதிப்போம் என்கிறீர்கள்.

நான் கணக்கு எழுதிப் பிழைப்பவள். மருத்துவம் எனக்கு முழுதாகப் புரியாது. வரவு செலவு புரியும். ஒரு கர்ப்பத்துக்கு மொத்தமாகத் தேவைப்படும் இரும்பு ஏறக்குறைய 1000 மில்லிகிராம். கருவுக்கும் நஞ்சுக்கொடிக்கும் போவது, தாயின் கூடுதல் சிவப்பணுக்களுக்குப் போவது, அன்றாடம் இழப்பது எல்லாம் சேர்த்து. செலவு சமமாகப் பரவியிருக்கவில்லை. முதல் மூன்று மாதங்களில் மாதவிடாய் நின்றுவிடுவதால் நாளொன்றுக்கு ஒரு மில்லிகிராமுக்கும் குறைவாகவே தேவை. கடைசி மூன்று மாதங்களில் அது ஏழு மில்லிகிராமைத் தாண்டும். ஆகவே தொடக்க மாதங்கள்தான் இருப்பைச் சரிபார்க்கவும் சேர்க்கவும் கிடைக்கிற அவகாசம். எந்தக் கணக்காளரும் ஆண்டின் கடைசிக் காலாண்டில், காசோலை திரும்பி வந்த பிறகு, வங்கி இருப்பைப் பார்க்கப் போகமாட்டார்.

இன்னொரு காரணமும் உண்டு. ஆறாவது வாரம் வாக்கிலேயே ரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மா பெருகத் தொடங்கிவிடும். கர்ப்பத்தின் பிற்பகுதிக்குள் அது நாற்பது, ஐம்பது சதவீதம் கூடிவிடும். சிவப்பணுக்கள் அந்த வேகத்துக்குப் பெருகுவதில்லை. ரத்தம் நீர்த்துப்போவது கர்ப்பத்தின் இயல்பு. இரண்டாவது மூன்று மாதங்களுக்கு எல்லை 10.5 என்று தளர்த்தப்பட்டிருப்பது அதனால்தான். நீர்க்கத் தொடங்கிய பிறகு ஒரு எண்ணைப் பார்த்து, அது நீர்த்ததால் குறைந்ததா, இருப்பே இல்லாமல் குறைந்ததா என்று பிரித்தறிவது கடினம். தொடக்கத்தில் எடுத்து வைத்த எண் ஒன்று கையில் இருந்தால் அதனோடு ஒப்பிடலாம். எனக்கு அப்படி எடுத்து வைத்த எண், வறண்ட உடலிலிருந்து எடுத்த 11.3.

மேலும் நரம்பு வழியாக இரும்பு ஏற்றுவதை முதல் மூன்று மாதங்களில் தவிர்க்கிறீர்கள். அந்த மாதங்களில் மாத்திரை ஒன்றுதான் வழி. மாத்திரை மெதுவாக வேலை செய்யும். மெதுவாக வேலை செய்யும் மருந்துக்கு நாள் வேண்டும்.

இனி எடை. பருத்த பெண்ணுக்கு இரும்பு குறையாது என்ற எண்ணம் எங்கிருந்து வந்தது? உணவு மிகுதி என்றால் சத்தும் மிகுதி என்ற பாமரக் கணக்கிலிருந்து. உண்மை ஏறக்குறைய தலைகீழ். மிகுந்த கொழுப்புத் திசு உடலில் மெல்லிய அழற்சியைக் கனலவிட்டுக்கொண்டே இருக்கும். அழற்சி கூடினால் கல்லீரல் ஹெப்சிடின் என்ற ஹார்மோனைக் கூடுதலாகச் சுரக்கும். ஹெப்சிடின் வாயிற்காவலன் மாதிரி. குடலிலிருந்து ரத்தத்துக்குள் இரும்பு நுழையும் கதவை அது சாத்தும். கர்ப்பம் வளர வளர இந்த ஹார்மோன் குறைந்து கதவு அகலத் திறப்பதுதான் இயற்கையின் ஏற்பாடு. பருமனான கர்ப்பிணிகளில் அந்தத் திறப்பு மந்தமாக இருக்கலாம் என்று ஆய்வுகள் காட்டுகின்றன. அதாவது, எங்கள் தட்டில் இரும்பு இருந்தாலும் ரத்தத்துக்குள் வருவது குறைவாக இருக்கலாம்.

இன்னும் ஒரு சிக்கல். ஃபெரிட்டினும் அழற்சியில் உயரும். எனவே பருத்த பெண்ணின் அறிக்கையில் ஃபெரிட்டின் ஓரளவு சரியாகத் தெரிந்தாலும் உள்ளே இருப்பு குறைவாக இருக்கக்கூடும். கூடவே சி.ஆர்.பி. என்ற அழற்சிப் பரிசோதனையும் செய்தால்தான் அந்த எண்ணை எவ்வளவு நம்பலாம் என்று தெரியும். எடையை வைத்து ஒரு விதி எழுதுவதாக இருந்தால், ‘எடை கூடியவர்களுக்கு ஃபெரிட்டினோடு சி.ஆர்.பி.யும் பாருங்கள்’ என்று எழுதியிருக்க வேண்டும். நீங்கள் எழுதியது நேர் எதிரானது.

நீங்கள் நம்பும் அந்தக் குறியீட்டெண்ணைப் பற்றியும் ஒரு வார்த்தை. அதன் கணக்கை 1830-களில் வகுத்தவர் அடோல்ஃப் கெட்டலே என்ற பெல்ஜிய வானியலாளர், புள்ளியியலாளர். ‘சராசரி மனிதனை’த் தேடியவர்; நோயாளியைத் தேடியவரல்ல. 1972-இல் ஆன்செல் கீஸும் அவருடைய சகாக்களும் அதற்கு இன்றைய பெயரைச் சூட்டியது, மக்கள் கூட்டங்களின் உடற்பருமனை ஒப்பிட்டு ஆராய்வதற்காக. கூட்டத்தை அளக்கப் பயன்படும் கோல் அது. எதிரே உட்கார்ந்திருக்கும் ஒருத்தியின் எலும்பு மஜ்ஜையில் எவ்வளவு இரும்பு இருக்கிறது என்பதை அதனால் சொல்ல முடியாது.

எடையே பார்க்காதீர்கள் என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். என் எடைக்காக முதல் வருகையிலேயே சர்க்கரை பார்த்தீர்கள், ரத்த அழுத்தத்துக்குப் பெரிய பட்டை கட்டினீர்கள். இரண்டும் சரி, இரண்டுக்கும் நன்றி. எடை கூடியவளுக்குப் பிரசவத்தில் ரத்தப்போக்கு மிகுதியாகும் வாய்ப்பும் கூடுதல் என்பதை நீங்களே எனக்குச் சொன்னீர்கள். கெஞ்சிக் கேட்கிறேன்: ரத்தத்தை அதிகம் இழக்கக்கூடியவள் என்று தெரிந்த ஒருத்தியின் இருப்பை மட்டும் பார்க்க வேண்டாம் என்று எப்படி முடிவு செய்தீர்கள்?

இதைப் பற்றி விசாரித்தபோது உங்கள் அலுவலகத்தில் ஒருவர், “எல்லோருக்கும் பார்க்க வேண்டும் என்பதற்குப் போதிய சான்று இல்லை” என்றார். அவர் சொன்னதில் உண்மை இருக்கிறது. அமெரிக்காவின் நோய்த்தடுப்புச் சேவைகள் பணிக்குழு 2024-இல் இதை ஆராய்ந்து, அறிகுறியற்ற கர்ப்பிணிகள் அனைவருக்கும் இரும்புக் குறைபாட்டைத் தேடிப் பார்ப்பதன் நன்மை தீமைகளை எடைபோடச் சான்று போதவில்லை என்றுதான் சொன்னது. பார்க்காதீர்கள் என்று அது சொல்லவில்லை. எடையை வைத்துப் பெண்களைப் பிரியுங்கள் என்று நிச்சயமாகச் சொல்லவில்லை. எல்லோருக்கும் செய்யச் சான்று போதாது என்பவர்கள், குறியீட்டெண் 18.5 என்ற கோட்டில் கத்தியை வைப்பதற்கு என்ன சான்று வைத்திருக்கிறார்கள்? அதைப் படிவத்தில் அச்சிடுங்கள், நானும் படிக்கிறேன்.

நான் சும்மா இருக்கவில்லை. போன வாரம் உங்கள் பிரிவிலிருந்து வெளியே வந்ததும் வேறொரு பரிசோதனைக் கூடத்தில் என் கைக்காசைக் கொடுத்து ரத்தம் கொடுத்தேன். ஹீமோகுளோபின் 12.1. குறியீட்டெண் 33. உங்கள் படிவத்தின்படி இரண்டு வாசலிலும் நான் தேர்ச்சி. ஃபெரிட்டின் பார்க்க வேண்டியதில்லை. ஃபெரிட்டின் 11. முதல் மூன்று மாதங்களில் 15-க்குக் கீழ் இருந்தால் இரும்புக் குறைபாடு என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவுகோல். பிரிட்டனின் ரத்தவியல் மருத்துவர்கள் கர்ப்பிணிகளுக்கு 30-ஐயே எல்லையாக வைத்திருக்கிறார்கள். சி.ஆர்.பி. 9 என்று உயர்ந்திருந்தது. ஆக அந்த 11-கூட என்னிடம் கொஞ்சம் தாராளமாகப் பேசியிருக்கலாம். இந்த முறை எனக்குப் பனிக்கட்டி ஆசை இன்னும் வரவில்லை. வருவதற்கு முன்பே தெரிந்துகொண்டேன், காரணம் எனக்குப் பழைய அனுபவம் இருந்தது. முதல் குழந்தையைச் சுமந்துகொண்டு, உங்கள் படிவத்தை நம்பி, உங்கள் பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் பெண்ணுக்கு அந்த அனுபவம் இல்லை. அவளிடம் கைக்காசும் இல்லாதிருக்கலாம்.

நான் கேட்பவை இவை.

ஃபெரிட்டின் வரிக்கு எதிரே ‘அனைவருக்கும்’ என்ற சொல்லைத் திரும்ப அச்சிடுங்கள். முதல் வருகையிலேயே, பன்னிரண்டாவது வாரத்துக்குள். குறியீட்டெண் 30-ஐத் தாண்டியவர்களுக்குக் கூடவே சி.ஆர்.பி.யும் வேண்டும். திருத்திய படிவம் நடைமுறைக்கு வந்த நாளிலிருந்து பதிவு செய்துகொண்ட பெண்களில், ஃபெரிட்டின் பார்க்காமல் விடப்பட்டவர்களைத் தேடிக் கூப்பிட்டுப் பாருங்கள். பட்டியல் உங்கள் பதிவேட்டிலேயே இருக்கிறது.

எடைக் கட்டத்துக்குப் பக்கத்தில் ‘கருத்தரிக்கும் முன் எடை’ என்று இன்னொரு கட்டம் போடுங்கள். ஐந்து சதவீதத்துக்கு மேல் குறைந்திருந்தால், அவள் 45 கிலோவோ 95 கிலோவோ, அன்றே நீரிழப்பைக் கவனியுங்கள். நீர் சேர்ந்த பிறகு ஹீமோகுளோபினை மறுபடி பாருங்கள். பருமன், நீரிழப்பு, கர்ப்பம் மூன்றும் ஒன்றுசேர்ந்தால் ரத்த நாளத்தில் ரத்தம் உறையும் ஆபத்து கூடுகிறது என்பதால், கால் வீக்கத்தையும் வலியையும் அந்தப் பெண்களிடம் கேட்டுப் பதிவு செய்யுங்கள். “உங்களுக்கு நல்லதுதானே” என்று எந்த ஊழியரும் இனி எந்தக் கர்ப்பிணியிடமும் சொல்லாதபடி பார்த்துக்கொள்ளுங்கள்.

சிவப்பணுவின் கொள்ளளவை ஹீமோகுளோபினுக்குப் பக்கத்திலேயே எழுதும்படி படிவத்தில் இடம் விடுங்கள். அது குறைந்திருந்தால் ஃபெரிட்டினும் ஹீமோகுளோபின் ஏ2-வும் ஒன்றாகப் போகட்டும். ஏ2 உயர்ந்திருந்தால் அதே வாரத்தில் கணவரைக் கூப்பிடுங்கள். ஃபெரிட்டின் பார்க்காமல் இரும்பு மாத்திரையை இரட்டிப்பாக்குவதை நிறுத்துங்கள். மாத்திரை வேலை செய்யாவிட்டால் நோயாளியைத் திட்டுவதற்கு முன் அறிக்கையின் மீதி வரிகளைப் படியுங்கள். என் தங்கைக்கு உங்கள் பிரிவு எழுத்தில் வருத்தம் தெரிவிக்க வேண்டும் என்றும் கேட்கிறேன்.

எடை பார்க்கும் இடத்திலேயே சில கேள்விகளையும் சேருங்கள். மாதவிடாயில் ரத்தப்போக்கு மிகுதியா? போன பிரசவம் எப்போது, எவ்வளவு ரத்தம் போனது? வயிற்றில் எடைக்குறைப்பு அறுவைச் சிகிச்சை நடந்திருக்கிறதா? மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரையை நெடுநாளாகச் சாப்பிடுகிறீர்களா? (அது பி12 வைட்டமினைக் குறைக்கும், சினைப்பை நீர்க்கட்டிக்காக ஆண்டுக்கணக்கில் அதை விழுங்கிய பெண்கள் உங்கள் வரிசையில் ஏராளம், நானும் ஒருத்தி.) பனிக்கட்டி, மண், சுண்ணாம்பு என்று ஏதாவது தின்னத் தோன்றுகிறதா? இவற்றைக் கேட்க ஊசி வேண்டாம், கருவி வேண்டாம். இரண்டு நிமிடம் போதும்.

என் அடுத்த வருகை பன்னிரண்டாவது வாரத்தில், இன்றிலிருந்து இருபத்திரண்டு நாளில். என் ஃபெரிட்டின் அறிக்கையைக் கொண்டுவருகிறேன். அதை என் கோப்பில் இணைத்து, அன்றே இரும்பு சிகிச்சையைத் தொடங்கும்படி கேட்டுக்கொள்கிறேன். அதற்குள் இந்த மடலுக்கு எழுத்தில் பதில் வேண்டும். படிவத்தை மாற்ற மறுத்தால், எந்தக் காரணத்துக்காக மறுக்கிறீர்கள் என்பதைக் காத்திருப்போர் பெஞ்சுக்கு எதிரே உள்ள அறிவிப்புப் பலகையில், பெண்கள் படிக்கிற அளவு எழுத்தில், உங்கள் குழுவின் கையொப்பத்தோடு ஒட்டுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் கர்ப்பகாலப் பிரிவில் இரண்டாவது முறையாகப் பதிவு செய்துகொண்ட ஒருத்தி